மேலியபிள் இரும்பு: உடையும் வார்ப்பு வளையும் வார்ப்பாவது எப்படி?

வார்ப்பிரும்பு என்றால் கீழே போட்டால் உடையும், சுத்தியலால் ஓங்கி அடித்தால் விரிசல் விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தண்ணீர்க் குழாய்களை இணைக்கும் எல்போ, டீ, யூனியன் போன்ற சின்னச் சாமான்களைக் கவனித்துப் பாருங்கள். நாம் 'ஜி.ஐ. எல்போ' என்று சொல்லும் அந்தத் துண்டும் உருக்கி ஊற்றி வார்த்ததுதான். பைப் ரெஞ்சை மாட்டி முழு பலத்தோடு இறுக்குகிறோம். குழாயின் மரை நுனி சிறுத்து அடி பருத்திருப்பதால், உள்ளே போகப் போக எல்போவின் வாயை அகட்டப் பார்க்கும். சாதாரண வார்ப்பிரும்பாக இருந்தால் விளிம்பு சட்டென்று பிளந்துவிடும் அபாயம் உண்டு. இது துளி விரிந்து கொடுத்து, அதே சமயம் விடாமல் கவ்விக்கொள்கிறது. அதன் துத்தநாகப் பூச்சுக்கு அடியில் இருப்பது மேலியபிள் இரும்பு.

வார்ப்பிரும்புக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த பிள்ளை இதுதான். காரணம், இதைச் செய்யும் முறை. முதலில் வேண்டுமென்றே மிக மோசமாக நொறுங்கக்கூடிய ஒரு வார்ப்பை எடுக்கிறார்கள். பிறகு அதை உருக்காமல், அடிக்காமல், புதிதாக எதையும் சேர்க்காமல், நீண்ட நேரம் காய்ச்சி மெல்ல ஆறவிட்டே வளையக்கூடியதாக மாற்றுகிறார்கள். முன்னும் பின்னும் உள்ளே இருக்கும் பொருள்கள் கிட்டத்தட்ட அதேதான். குணம் மட்டும் தலைகீழாக மாறிவிடுகிறது.

கார்பன் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

இது எப்படி நடக்கிறது என்று புரிய, கார்பனைப் பின்தொடர்ந்தால் போதும். இரும்பில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்பது பாதிக் கதை. அது எந்த வடிவத்தில், எங்கே இருக்கிறது என்பது மீதிப் பாதி. வார்ப்பிரும்பைப் பொறுத்தவரை அந்த மீதிப் பாதிக்குத்தான் எடை அதிகம்.

எஃகில் கார்பன் கொஞ்சம்தான். கம்பி, தகடு, குழாய் என்று நாம் அன்றாடம் பார்க்கும் மென்னெஃகில் 0.3 சதவீதம்கூட இருக்காது. 2 சதவீதத்தைத் தாண்டினால் அதை வார்ப்பிரும்பு என்கிறோம். கார்பன் கூடுவதில் பெரிய லாபம் ஒன்று உண்டு: உருகுநிலை இறங்குகிறது. சுத்த இரும்பு 1538 டிகிரி செல்சியஸில்தான் உருகும். 4.3 சதவீதம் கார்பன் கலந்தால் 1150 டிகிரிக்குக் கொஞ்சம் கீழேயே உருகிவிடும். குறைந்த சூட்டில் உருகுவதும், அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடிப் பாய்வதும்தான் வார்ப்பிரும்பின் பலம்.

உருகிய இரும்பு அச்சுக்குள் உறையும்போது அந்தக் கார்பனுக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன.

முதல் வழியில் கார்பன் தனியாகப் பிரிந்து கிராஃபைட்டாகிறது. பென்சிலில் இருக்கும் அதே கிராஃபைட்தான். இரும்புக்குள் அது மெல்லிய, வளைந்த செதில்களாகப் பரவி நிற்கும். இதுதான் சாம்பல் வார்ப்பிரும்பு. உடைத்துப் பார்த்தால் உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் இருக்கும், விரலில் கரி ஒட்டும். கிராஃபைட்டுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வலு கிடையாது. அதனால் இழுவிசை வரும்போது ஒவ்வொரு செதிலும் உள்ளே ஏற்கெனவே போட்டுவைத்த கீறலாகிவிடுகிறது. தபால்தலைத் தாளில் துளை வரிசை இருக்கும் இடத்தில் கிழிவது போல, விரிசல் ஒரு செதிலிலிருந்து அடுத்த செதிலுக்குத் தாவிக்கொண்டே போகும். சாம்பல் வார்ப்பிரும்பு நீளாமல் உடைவதற்கு இதுதான் காரணம். உடையும் முன் அது ஒரு சதவீதம்கூட நீளாது.

இரண்டாவது வழியில் கார்பன் தனியாகப் பிரிவதில்லை. மூன்று இரும்பு அணுவுக்கு ஒரு கார்பன் அணு என்ற கணக்கில் இரும்போடு சேர்ந்து இரும்புக் கார்பைடாகிவிடுகிறது. சிமென்டைட் என்பதும் இதைத்தான். இது மிகக் கடினமானது, அதே அளவுக்கு நொறுங்கவும் கூடியது. இப்படி உறைந்தது வெள்ளை வார்ப்பிரும்பு. உடைந்த முகம் வெள்ளி போல மின்னும். அரம் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். லேத்தில் கடையப் பார்த்தால் உளிதான் மழுங்கும். தேய்மானம் தாங்கவேண்டிய சில உருளைகளுக்கும் அரைக்கும் குண்டுகளுக்கும் இது அப்படியே பயன்படுகிறது. மற்றபடி ஓர் இயந்திர உறுப்பாக இதை நம்பி எங்கேயும் மாட்ட முடியாது.

எந்த வழி என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: ஒன்று சிலிக்கன், மற்றொன்று குளிரும் வேகம். சிலிக்கன் கூடினாலும், மெதுவாகக் குளிர்ந்தாலும் கிராஃபைட். சிலிக்கன் குறைந்தாலும், வேகமாகக் குளிர்ந்தாலும் கார்பைடு.

இப்போது மேலியபிள் இரும்புக்கு வருவோம். கார்பைடு என்பது நிரந்தரமான ஏற்பாடு அல்ல. போதுமான சூடும் நேரமும் கொடுத்தால் அது இரும்பாகவும் கிராஃபைட்டாகவும் பிரியும். உருகிய நிலையிலிருந்து உறையும்போது பிறக்கும் கிராஃபைட் செதிலாக நீளும். திடமான இரும்புக்குள் பிறக்கும் கிராஃபைட்டோ அப்படி நீள்வதில்லை. ஒரு புள்ளியைச் சுற்றிக் கார்பன் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்து, பிசிறு பிசிறான விளிம்புள்ள உருண்டைக் கட்டியாகத் திரளும். இதை டெம்பர் கார்பன் என்பார்கள். செதில் போன்ற கீறல் இல்லாமல் தனித்தனிக் கட்டியாக நிற்பதால், விரிசல் தாவிப்போக வழி கிடைப்பதில்லை. கட்டிகளுக்கு இடையே மென்மையான இரும்பு தொடர்ச்சியாக இருக்கிறது. இழுத்தால் அது நீளும், அடித்தால் வளையும்.

ஆக, செதில் கிராஃபைட் ஒரு தடவை பிறந்துவிட்டால் அதைத் திரும்ப உருண்டையாக்க வழியில்லை. அதனால்தான் முதலில் கிராஃபைட்டே இல்லாத வெள்ளை வார்ப்பாக எடுத்து, பிறகு திட நிலையில் கிராஃபைட்டை வரவழைக்கிறார்கள். கஷ்டப்பட்டு நொறுங்கும் இரும்பு செய்வதற்கான காரணம் இதுதான்.

சிலிக்கனை நிறுத்தும் இடம்

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. உறையும்போது கிராஃபைட் வரவே கூடாது, அதற்குச் சிலிக்கன் குறைவாக இருக்கவேண்டும். காய்ச்சும்போது கிராஃபைட் தாராளமாக வரவேண்டும், அதற்குச் சிலிக்கன் வேண்டும். ஒரே ஆளிடம் இரண்டு எதிரெதிர் வேலை. அதனால் கலவையைக் குறுகலான ஒரு வரம்புக்குள் நிறுத்துகிறார்கள்: கார்பன் பெரும்பாலும் 2.2 முதல் 2.9 சதவீதம், சிலிக்கன் 0.9 முதல் 1.9 சதவீதம். சாம்பல் வார்ப்பிரும்பில் கார்பன் 2.5-லிருந்து 4 வரையும், சிலிக்கன் 3 வரையும் போகலாம். ஒப்பிட்டால் இது எவ்வளவு இறுக்கமான கணக்கு என்று தெரியும்.

வரம்பின் ஓரத்தில் இருக்கும்போது கைகொடுப்பது பிஸ்மத் என்ற உலோகம். 0.01 சதவீதம் அளவுக்கு மிகச் சிறிதாகச் சேர்த்தாலே உறையும்போது கிராஃபைட் எட்டிப்பார்ப்பதைத் தடுத்துவிடும். காய்ச்சும் கட்டத்தில் அது பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. கூடவே துளி போரான் சேர்த்தால் காய்ச்சும் வேலையும் விரைவாக முடியும்.

குரோமியம் இதற்கு நேர் எதிரி. கார்பைடை அது இறுகப் பிடித்துக்கொள்ளும், எவ்வளவு காய்ச்சினாலும் பிரிய விடாது. 0.03 சதவீதத்துக்குள் வைத்திருக்கவேண்டும் என்பது வழக்கம். இது எவ்வளவு சின்ன அளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 சதவீதம் குரோமியம் உள்ள துருப்பிடிக்காத எஃகுத் துண்டு ஒரு கிலோ, 600 கிலோ உருக்கில், அதாவது உருகிய இரும்பில், தெரியாமல் விழுந்தாலே வரம்பைத் தொட்டுவிடுகிறது. பழைய இரும்பைப் பிரித்து எடுப்பவரின் கண்ணும் கவனமும் இந்தத் தொழிலில் அவ்வளவு முக்கியம். கந்தகமும் இதே மாதிரி குறும்பு செய்யும். அதைக் கட்டிப்போட மாங்கனீசு வேண்டும். கந்தகத்தைப் போல 1.7 மடங்கு, அதற்கு மேல் 0.15 சதவீதம் என்று மாங்கனீசுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

உருக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பழைய வழி மிக நேரடியானது. வார்ப்புக்கு ஊற்றும் முன் ஒரு சின்ன உருளைக் கம்பியை வார்த்து, ஆறியதும் உடைத்து முகத்தைப் பார்ப்பார்கள். முழுக்க வெள்ளையாக மின்னினால் சரி. நடுவில் சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் அங்கே செதில் கிராஃபைட் பிறந்துவிட்டது என்று பொருள். அந்த உருக்கை அப்படியே ஊற்றக் கூடாது. ஊற்றினால், பிறகு உலையில் காய்ச்சும்போது வெளிவரும் கார்பனும் அந்தச் செதில்கள் மேலேயே போய்ப் படிந்து நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

இதிலிருந்து மேலியபிள் இரும்பின் பெரிய எல்லை ஒன்றும் தெளிவாகிறது. வார்ப்பு தடிமனாக இருந்தால் நடுப்பகுதி மெதுவாகத்தான் குளிரும், அங்கே செதில் வந்துவிடும். அதனால் இது மெல்லிய, சின்ன உறுப்புகளுக்கான உலோகம். ஓரிரு மி.மீ. சுவரிலிருந்து சில செ.மீ. தடிமன் வரை நன்றாக வரும். இயந்திரத்தின் கனமான அடிப்பீடத்தை இதில் வார்க்க நினைப்பது வீண் வேலை.

வெள்ளையாக உறைவதற்கு இன்னொரு விலையும் உண்டு. சாம்பல் வார்ப்பிரும்பில் கிராஃபைட் பிறக்கும்போது கொஞ்சம் இடம் அடைத்துக்கொள்ளும், அதனால் உறையும்போது ஏற்படும் சுருக்கம் பெருமளவு ஈடாகிவிடும். வெள்ளை வார்ப்பில் கிராஃபைட் இல்லை, எனவே சுருக்கம் முழுதாக வந்து விழும். சுருங்கும் இடத்துக்கு உருக்கு போய்ச் சேர அச்சில் பெரிய ரைசர்கள், அதாவது கூடுதல் உருக்கு தேங்கி நிற்கும் குழிகள், வைக்கவேண்டும், இல்லையென்றால் உள்ளே ஓட்டை விழும். ஒரு வசதி என்னவென்றால், வார்ப்பு இன்னும் நொறுங்கும் நிலையில் இருப்பதால் ஊற்றுவாயையும் ரைசரையும் அறுக்கத் தேவையில்லை. கழுத்தில் சுத்தியலால் ஒரு தட்டு, துண்டாகிவிடும். நொறுங்கும் குணம் உபயோகமாக இருக்கும் ஒரே கட்டம் அதுதான்.

உலைக்குள் நடப்பது

இப்போது அனீலிங், அதாவது காய்ச்சி மெல்ல ஆறவிடும் வேலை. வெள்ளை வார்ப்புகளை உலையில் அடுக்கிச் சூடேற்றுகிறார்கள். முதல் கட்டத்தில் 900 முதல் 970 டிகிரி வரை. அந்தச் சூட்டில் இரும்பு ஆஸ்டெனைட் என்ற நிலையில் இருக்கும். ஆஸ்டெனைட் கார்பனைத் தனக்குள் கரைத்துக்கொள்ளக் கூடியது. கார்பைடு மெல்ல மெல்ல அதில் கரைகிறது. கரைந்த கார்பன் அணுக்கள் திடமான இரும்புக்குள்ளேயே நகர்ந்து, கிராஃபைட் முளைத்திருக்கும் புள்ளிகளில் போய்ச் சேர்கின்றன. திடப்பொருளுக்குள் அணுக்கள் நடந்து இடம் மாறுவது நிதானமான வேலை. கலவையையும் முளைகளின் எண்ணிக்கையையும் பொறுத்து, பெரிய கார்பைடுகள் முழுதும் கரைய மூன்று மணி நேரத்திலிருந்து இருபது மணி நேரம் வரை ஆகலாம்.

முளைகள் எத்தனை என்பதில் நிறைய அடங்கியிருக்கிறது. ஒரு சதுர மி.மீ. பரப்பில் 80 முதல் 150 கட்டிகள் வரை இருந்தால் நல்ல வார்ப்பு என்பார்கள். குறைவாக இருந்தால் கார்பன் நெடுந்தூரம் நடக்கவேண்டும், நேரம் இழுத்துக்கொண்டே போகும். மிக அதிகமாக இருந்தால் கட்டிகள் பொடிந்து வரிசை கட்டி நிற்கும். அதுவும் வலுவுக்கு நல்லதல்ல.

முதல் கட்டம் முடிந்தும் எல்லாக் கார்பனும் வெளியே வந்துவிடுவதில்லை. ஆஸ்டெனைட்டுக்குள் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் கரைந்தே நிற்கும். அதை என்ன செய்கிறோம் என்பதில்தான் கடைசிக் குணம் இருக்கிறது. மென்மையும் வளையும் தன்மையும் வேண்டுமென்றால், சூட்டை 760 டிகிரி வரை ஓரளவு விரைவாக இறக்கி, அங்கிருந்து மணிக்கு 3 முதல் 11 டிகிரி என்ற வேகத்தில் ஆமை நடையாக இறக்கவேண்டும். மீதிக் கார்பனும் ஏற்கெனவே இருக்கும் கட்டிகளில் சேர்ந்துவிடும். மிஞ்சுவது ஃபெரைட், அதாவது கார்பன் கிட்டத்தட்ட இல்லாத மென்மையான இரும்பு. நடுநடுவே கிராஃபைட் கட்டிகள், அவ்வளவுதான். இது ஃபெரைட் வகை மேலியபிள்.

அந்தப் பொறுமை வேண்டாம், வலுதான் வேண்டும் என்றால், முதல் கட்டம் முடிந்ததும் வெளியே எடுத்துக் காற்றில் ஆறவிடலாம். மீதிக் கார்பனுக்குக் கட்டிவரை நடக்க நேரம் கிடைக்காது. இருந்த இடத்திலேயே மெல்லிய கார்பைடு அடுக்குகளாகப் படிந்து பெர்லைட் உண்டாகும். இது பெர்லைட் வகை: வலு கூடும், தேய்மானம் குறையும், வளைவது கொஞ்சம் குறையும்.

எண்களில் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். பரவலாகப் புழங்கும் ஃபெரைட் தரம் ஒன்றின் இழுவலிமை 345 மெகா பாஸ்கல், நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு 220-ஐ ஒட்டி, உடையும் முன் நீட்சி 10 சதவீதம். கடினத்தன்மை பிரினெல் அளவில் 156-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. பெர்லைட் தரங்கள் 450-லிருந்து 700 மெகா பாஸ்கல் வரையும் அதற்கு மேலும் போகும். வலு ஏற ஏற நீட்சி 10-லிருந்து 2 சதவீதம் வரை இறங்கும். காய்ச்சுவதற்கு முன் இதே வார்ப்பு அரத்துக்கே மசியாத கண்ணாடிப் பிண்டமாக இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அத்தனை மணி நேரம் செக்கச்செவேலென்று கனன்றால் வார்ப்புக்கு வேறு பிரச்சினைகளும் வரும். மெல்லிய உறுப்புகள் தங்கள் எடையிலேயே தொய்ந்து கோணிவிடும். மேற்பரப்பு காற்றோடு சேர்ந்து செதில் செதிலாக உரியும். முன்பெல்லாம் வார்ப்புகளை இரும்புப் பானைகளில் வைத்து, சுற்றிலும் கசடோ மணலோ அடைத்து, நிலக்கரி உலையில் காய்ச்சுவார்கள். பானையும் அடைப்பும் சூடாகவே நெடுநேரம் ஆகும், ஒரு சுற்று முடிய வாரக்கணக்கு. இப்போது உலைக்குள் இருக்கும் வாயுவையே கட்டுப்படுத்துகிறார்கள், பானை தேவையில்லை, ஓரிரு நாளில் முடிந்துவிடும். கோணியது இருந்தால் ஆறிய பிறகு அழுத்து எந்திரத்தில் வைத்து நிமிர்த்திக்கொள்ளலாம். நிமிர்த்த முடிகிறது என்பதே அது நல்ல மேலியபிள் என்பதற்குச் சான்று.

கிராஃபைட் பிறக்கும்போது இடம் அடைப்பதால் உலையில் வார்ப்பு சற்று வளரும். உறைந்தபோது சுருங்கியதில் ஏறத்தாழ பாதி இங்கே திரும்பக் கிடைத்துவிடுகிறது. அச்சுக்கான மாதிரி செய்பவர் சுருக்கம், வளர்ச்சி இரண்டையும் கணக்கில் வைத்துத்தான் அளவு போடவேண்டும்.

வெள்ளை நெஞ்சும் கறுப்பு நெஞ்சும்

இதுவரை சொன்னது கறுப்பு நெஞ்சு வகை. உடைத்தால் நடுப்பகுதி கிராஃபைட்டால் வெல்வெட் போலக் கறுத்திருக்கும். ஓரத்தில் மட்டும் கார்பன் எரிந்துபோன வெளிர் வளையம் ஒன்று தெரியும். வெள்ளை நெஞ்சு என்று மூத்த சகோதரன் ஒருவன் இருக்கிறான். அதன் வேலை வேறு மாதிரி. அங்கே கார்பனை இடம் மாற்றுவதோடு விடாமல், வெளியேயே துரத்துகிறார்கள். வெள்ளை வார்ப்பை இரும்புத் தாதுவோடு அடைத்து, அல்லது ஆக்சிஜன் தரும் வாயுவில் வைத்து, 1000 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் காய்ச்சுவார்கள். மேற்பரப்பில் கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து வாயுவாகப் போய்விடும். உள்ளிருந்து அடுத்த கார்பன் நகர்ந்து வரும், அதுவும் போகும். மெல்லிய உறுப்பில் கார்பன் ஏறக்குறைய முழுதும் நீங்கி எஃகு போன்ற ஒன்று மிஞ்சும். உடைந்த முகமும் வெளிறியே இருக்கும். தடித்த இடங்களில் நடுவில் கார்பன் கொஞ்சம் தங்கிவிடும்.

பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1722-இல் வார்ப்பிரும்பை மென்மையாக்கும் கலை பற்றி எழுதிய நூலில் விவரித்தது இந்த வழியைத்தான். வெப்பநிலை அளவு ஒன்றுக்கும் இவர் பெயர் உண்டு. வார்ப்பை அழகான வடிவங்களில் எடுத்துவிடலாம், ஆனால் உளி போடவோ அரம் போடவோ முடியவில்லை என்பதுதான் அன்றைய கைவினைஞர்களின் தொல்லை. பூட்டு, கதவுப் பிடி, அலங்கார வேலை எல்லாவற்றுக்கும் அவர் முறை ஒரு வழி திறந்தது.

நூறு வருடம் கழித்து அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் நூவார்க் நகரில் சேத் பாய்டன் ஐரோப்பிய மேலியபிளைத் தானும் செய்துவிடப் பல கலவைகளை முயன்று பார்த்தார். 1826-இல் அவருக்குக் கிடைத்த வார்ப்பு நன்றாக வளைந்தது, ஆனால் உடைத்தால் வெளிறாமல் கறுத்திருந்தது. அவர் கையாண்ட இரும்பில் கார்பன் வெளியே போகும் முன்பே உள்ளே கிராஃபைட்டாகத் திரண்டுவிட்டது. அதுதான் கறுப்பு நெஞ்சு. 1831-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். கார்பனை வெளியேற்றவே தேவையில்லை, உள்ளேயே நல்ல வடிவத்தில் உட்காரவைத்தால் போதும் என்பது அவர் கையில் நிரூபணமாயிற்று. என் கணிப்பில் வார்ப்பிரும்பின் வரலாற்றில் இது பெரிய திருப்பங்களில் ஒன்று.

ஆனால் முதல் முதல் என்று தேடினால் சீனாவுக்குத்தான் போகவேண்டும். போரிடும் அரசுகளின் காலம் எனப்படும் கி.மு. 5 முதல் 3-ஆம் நூற்றாண்டுக்குள்ளேயே அங்கே மண்வெட்டி, கொழு போன்றவற்றை வார்ப்பிரும்பில் வார்த்து, காய்ச்சி மென்மையாக்கிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அகழ்வில் கிடைத்த கருவிகளை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது கார்பன் நீக்கப்பட்ட மேற்பரப்பும், கட்டியாகத் திரண்ட கிராஃபைட்டும் தெரிந்தன. ரெயோமூருக்கு இரண்டாயிரம் வருடம் முந்தைய வேலை இது.

இன்று எங்கே நிற்கிறது?

20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் டிராக்டர், லாரி, ரயில் பெட்டி எல்லாவற்றிலும் மேலியபிள் உறுப்புகள் நிறைந்திருந்தன. 1940-களில் ஒரு போட்டியாளர் வந்தது. உருகிய இரும்பில் கொஞ்சம் மக்னீசியம் சேர்த்தால், உறையும்போதே கிராஃபைட் உருண்டையாக வந்துவிடும் என்று கண்டுபிடித்தார்கள். 1948-இல் இது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இதுதான் டக்டைல் இரும்பு. நாள்கணக்கில் காய்ச்ச வேண்டாம், தடிமன் எல்லையும் இல்லை. மேலியபிளின் சந்தையில் பெரும்பங்கை இது எடுத்துக்கொண்டது நியாயமே.

இருந்தாலும் மேலியபிள் ஓய்ந்துவிடவில்லை. சில இடங்களில் அதுதான் இன்னும் பொருத்தம். மிக மெல்லிய சுவர் என்றால் டக்டைல் இரும்பில் வேகமாகக் குளிரும் இடங்களில் கார்பைடு வந்து தொல்லை தரும். மேலியபிளுக்கோ வேகமாகக் குளிர்வதுதான் வேண்டும். குளிரில் அடிதாங்கும் திறனிலும் ஃபெரைட் மேலியபிள் முந்தும், காரணம் அதில் சிலிக்கன் குறைவு. கடைவதற்கும் மரை போடுவதற்கும் இரும்புக் குடும்பத்திலேயே இது மிக இலகுவானது, கிராஃபைட் கட்டிகள் உளிக்கு எண்ணெய் போட்டது மாதிரி உதவும். வார்த்த பிறகு அழுத்தி வடிவம் திருத்தவோ ஓட்டை குத்தவோ வேண்டிய உறுப்புகளுக்கும் இதுவே வசதி. அதனால்தான் மரை போட்ட குழாய் இணைப்புகள், மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர்களின் தொப்பிகள், சாரக் குழாய்களைப் பிணைக்கும் கிளாம்புகள், கைக்கருவிகள் என்று சின்னச் சின்ன, ஆனால் லட்சக்கணக்கில் தேவைப்படும் சாமான்களில் இது நிலைத்து நிற்கிறது.

இவற்றில் பலவும் துத்தநாகம் பூசப்படுபவை. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. பாஸ்பரசும் சிலிக்கனும் கூடுதலாக உள்ள ஃபெரைட் மேலியபிளை 450 டிகிரி துத்தநாகக் குளியலில் முக்கி எடுத்தால், அதுவரை வளைந்துகொண்டிருந்த வார்ப்பு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடலாம். தடுக்கும் வழி எளிது: பூசும் முன் 650 டிகிரி வரை காய்ச்சி நீரில் சட்டென்று குளிர்வித்துவிட்டால் அந்தக் கெடுதல் வருவதில்லை. பாஸ்பரசைக் கலவையிலேயே குறைத்துவைப்பதும் நல்லது.

கையில் இருப்பது மேலியபிள்தானா?

பழுது பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்வது கடினம். மறைவான ஓர் இடத்தில் சிறு துளை போட்டுப் பார்க்கலாம். சாம்பல் வார்ப்பிரும்பில் துளையிட்டால் கறுப்புத் தூளாகக் கொட்டும், விரலெல்லாம் கரி. மேலியபிளில் சிறு சிறு சுருள்களாக வரும். கொக்கியில் தொங்கவிட்டுத் தட்டினால் சாம்பல் இரும்பு மந்தமாக ஒலிக்கும். மேலியபிளின் ஓசை அதைவிடத் தெளிவாக எஃகை நெருங்கும். ஏற்கெனவே உடைந்த துண்டு இருந்தால் இன்னும் சுலபம். உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் உலோகம் வளைந்தோ இழுபட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். கறுத்த நடுவும் வெளிர் ஓரமும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். வார்ப்பாலைகளில் சில உறுப்புகளின் ஓரத்தில் நாக்கு போல ஒரு சின்னத் துருத்தலைச் சேர்த்தே வார்ப்பார்கள். காய்ச்சிய பிறகு சுத்தியலால் அதை வளைத்து உடைத்துப் பார்ப்பார்கள். வளையாமல் முறிந்தால் அந்த அடுக்கு முழுவதும் மறுபடி உலைக்குப் போகும்.

கண்டுபிடித்தாயிற்று, அப்புறம்? வெல்டிங் வைப்பதுதான் பலரும் செய்யும் காரியம், செய்யக் கூடாததும் அதுதான். வெல்டிங் தீயில் ஓரம் உருகும்போது கிராஃபைட் கட்டிகள் மறுபடி உருக்கில் கரைகின்றன. சுற்றிலும் இருக்கும் குளிர்ந்த உலோகம் சூட்டை உறிஞ்சிவிடுவதால் அந்த இடம் வேகமாக உறைந்து, பழைய வெள்ளை வார்ப்பிரும்பாகவே திரும்பிவிடுகிறது. உருகாத ஆனால் நன்றாகச் சூடான பக்கத்துப் பகுதியும் விறைத்துக் கடினமாகிவிடும். உலையில் அத்தனை மணி நேரம் செய்த வேலையை வெல்டிங் சில நொடிகளில் அழித்துவிடுகிறது. தையல் பார்க்க நன்றாக இருக்கும், பாரம் ஏறியதும் அதன் ஓரமாகவே பிளக்கும். கார்பன் நீங்கிய மெல்லிய வெள்ளை நெஞ்சு வகைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அதில் வெல்டிங்குக்கென்றே தரங்கள் இருக்கின்றன.

கறுப்பு நெஞ்சை ஒட்டவேண்டுமென்றால் பிரேசிங்தான் வழி. இரும்பு உருகாது, நிரப்பும் உலோகம் மட்டும் உருகி இடைவெளியில் பாயும். வெள்ளி கலந்த நிரப்பி 700 டிகிரியைச் சுற்றியே உருகிவிடுவதால் கிராஃபைட் கட்டிகள் அசையாமல் இருக்கும். வெண்கல நிரப்பிக்கு இன்னும் கூடுதல் சூடு வேண்டும், கார்பன் ஓரளவு கரையத் தொடங்கும், எனவே சூட்டைத் தேவைக்கு மேல் ஏற்றாமல் வேலையை முடித்து, மெதுவாக ஆறவிடவேண்டும். பாரம் தூக்கும் கொக்கி, சாரக் கிளாம்ப், உயரத்தில் கம்பியைத் தாங்கும் பிடி போன்றவற்றில் எந்த ஒட்டுவேலையும் வேண்டாம். உடைந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுங்கள்.